சிக்னலில் வந்து இடித்தது அவன், ஆனால் ஒரு டாலர்கூடக் கிடையாதாம்! வடக்கு கரோலினா சட்டம் தெரிந்தவர்கள் சொல்லுங்க

கொப்பரைக்களம் (கொழிஞ்சாம்பாறை) கேட்டது:

எல்லாருக்கும் வணக்கம். ஆக்சிடென்ட் கேஸ் விஷயம்தான், ஆனால் அமெரிக்காவில் நடந்தது.

என் தங்கச்சி தெற்கு கரோலினாவில் ஃபோர்ட் மில் என்ற ஊரில் இருக்கிறாள். ஹெச்1பி விசா. வேலை பக்கத்தில் சார்லட் நகரத்தில், ஒரு பேங்க்கின் கம்ப்யூட்டர் பிரிவில். சார்லட் இருப்பது வடக்கு கரோலினா. நாம் கோபாலபுரம் செக்போஸ்ட் தாண்டிப் பொள்ளாச்சி சந்தைக்குப் போய்வருகிற மாதிரி தினமும் எல்லை தாண்டி வேலைக்குப் போய்வருகிறாள்.

போன மாதம் சார்லட்டில் ஒரு சிக்னலில் இவளுக்குப் பச்சை. நேராகப் போயிருக்கிறாள். எதிரே வந்த பிக்கப் வண்டி திடீரென்று இடது பக்கம் திரும்பி (அங்கே வண்டிகள் ரோட்டின் வலது பக்கம் போகும், இடது திரும்பினால் எதிர் வண்டிக்குக் குறுக்கே வரும்) இவள் கார் மேல் ஏறிவிட்டது. மணிக்கட்டு எலும்பு முறிந்து பிளேட் வைத்திருக்கிறார்கள். கார் இனி ஓடாது. போலீஸ் ரிப்போர்ட்டில் தப்பு பிக்கப்காரன் மேல்தான். அவனுக்கு அபராத டிக்கெட்டும் கொடுத்துவிட்டார்கள்.

அப்புறம் அவனுடைய இன்சூரன்ஸ் கம்பெனி ஆள் ஒருவர் போன் செய்து, ரொம்பத் தன்மையாக நலம் விசாரித்து, என்ன வேகத்தில் வந்தீர்கள் என்று கேட்டிருக்கிறார். அந்த ரோட்டில் வேக வரம்பு 45 மைல். இவள் வெள்ளந்தியாக "48 இருக்கலாம், 50 இருக்கலாம்" என்று சொல்லிவிட்டாள். அவர் அதை ரெக்கார்டு செய்துகொண்டார். இப்போது லெட்டர் வந்திருக்கிறது: விபத்தில் உங்கள் பங்கும் இருக்கிறது, ஆகவே வடக்கு கரோலினா சட்டப்படி நாங்கள் எதுவும் தர வேண்டியதில்லை.

குறைத்துத் தருகிறோம் என்றால் புரியும். எங்கள் களத்து டிரைவரைப் பொள்ளாச்சிக்குள் ஒரு டெம்போ இடித்தபோது பாலக்காட்டில் மோட்டார் விபத்து நஷ்டஈட்டு டிரிப்யூனலான எம்.ஏ.சி.டி.யில்தான் கேஸ் போட்டோம். டிரைவர் மேலும் 20 சதவீதம் தப்பு என்று சொல்லி மீதி 80ஐக் கொடுத்தார்கள். அதுதானே முறை? கொஞ்சம் தப்பு இருந்தால் மொத்தமும் போச்சு என்பது எந்த ஊர் நியாயம்?

தங்கச்சியின் ஆபீஸில் ஒருவர், உங்கள் ஊர் தெற்கு கரோலினா, அங்கேயே கேஸ் போடு என்கிறார். இன்னொருவர் ஃபெடரல் கோர்ட்டுக்குப் போகச் சொல்கிறார். போலீஸ் டிக்கெட் இருக்கும்போது கேஸே எதற்கு என்று அப்பா கேட்கிறார். எனக்கு ஒன்றும் பிடிபடவில்லை. விவரம் தெரிந்தவர்கள் சொல்லுங்க.

பால்டிமோர்_பாண்டி எழுதியது:

லெட்டரில் இருப்பது உண்மைதான் நண்பரே, ஏமாற்று இல்லை. நான் இருக்கும் மேரிலாண்டிலும் இதே கதை. ஒரு சதவீதம் தப்பு இருந்தாலும் பூஜ்யம். தெற்கு கரோலினாவில் சட்டம் நல்ல சட்டம், பேசாமல் அங்கே போடச் சொல்லுங்கள்.

வேலந்தாவளத்துக்காரி எழுதியது:

கொப்பரைக்களம் அண்ணா, நான் உங்கள் ஊருக்குப் பக்கம்தான். கோயம்புத்தூர் சட்டக் கல்லூரியில் படித்து, பாலக்காடு கோர்ட்டில் ஜூனியர் வக்கீலாக இருந்தபோது பார்த்ததெல்லாம் எம்.ஏ.சி.டி. கேஸ்கள்தான். கல்யாணமாகி வடக்கு கரோலினா வந்து, இப்போது ஒரு வக்கீல் ஆபீஸில் பாராலீகல், அதாவது வக்கீலுக்கு உதவியாளர் வேலை. இங்கே நான் வக்கீல் இல்லை. அதனால் இதை ஊர்க்காரி சொன்னதாக மட்டும் எடுத்துக்கொண்டு, தங்கச்சியை ஒரு வக்கீலைப் பார்க்கச் சொல்லுங்கள்.

முதலில் பால்டிமோர் நண்பருக்கு. தெற்கு கரோலினாவில் போட்டால் இரண்டு இடத்தில் இடிக்கும்.

பிக்கப்காரன் எந்த ஊர்க்காரன் என்று அண்ணா எழுதவில்லை. வடக்கு கரோலினாக்காரன் என்று வைத்துக்கொள்வோம். அவன் ஊரும் வடக்கு, இடித்த இடமும் வடக்கு. அப்படியிருக்க அவனைத் தெற்கு கரோலினா கோர்ட் கூப்பிட முடியாது. பிரதிவாதிக்கு அந்த மாநிலத்தோடு ஏதாவது தொடர்பு இருந்தால்தான் அங்கே இழுக்கலாம் என்று 1945இல் இன்டர்நேஷனல் ஷூ வழக்கில் சுப்ரீம் கோர்ட் சொன்னது இன்றைக்கும் அடிப்படை. நம் மோட்டார் வாகனச் சட்டம் 166ஆம் பிரிவில் அடிபட்டவர் குடியிருக்கும் ஊரிலேயே போடலாம் என்று இருக்கிறது. அதனால்தான் பொள்ளாச்சி விபத்துக்குப் பாலக்காட்டில் போட்டீர்கள். அந்தச் சலுகை இங்கே கிடையாது.

சரி, அவன் தெற்குக்காரனாகவே இருந்தாலும் வித்தியாசம் ஒன்றும் வராது. விபத்து எந்த மண்ணில் நடந்ததோ அந்த மண்ணின் சட்டம்தான் என்பது இந்த இரண்டு மாநிலங்களும் விடாமல் வைத்திருக்கும் பழைய விதி. தெற்கு கரோலினா நீதிபதி தன் நாற்காலியில் உட்கார்ந்துகொண்டே வடக்கு கரோலினா சட்டத்தை எடுத்து வைத்துத் தீர்ப்புச் சொல்வார்.

நம் ஆட்களுக்குப் புரியாமல் போவது இந்த இடம்தான். கோபாலபுரத்தைத் தாண்டினால் போர்டில் எழுத்து மாறும், பஸ்ஸின் நிறம் மாறும், ஹைகோர்ட் எர்ணாகுளத்துக்குப் பதில் சென்னை ஆகும். ஆனால் விபத்துக்கான சட்டம் அந்தப் பக்கமும் 1988 மோட்டார் வாகனச் சட்டம், இந்தப் பக்கமும் அதேதான். இரண்டு ஹைகோர்ட்டுக்கும் மேலே ஒரே சுப்ரீம் கோர்ட். அமெரிக்காவில் எல்லைக் கோட்டைத் தாண்டினால் சட்டமே வேறு. விபத்து, ஒப்பந்தம், விவாகரத்து, சொத்து, பெரும்பாலான கொலை வழக்குகள்கூட மாநிலச் சட்டம், மாநிலக் கோர்ட். 50 மாநிலத்துக்கும் 50 நீதித்துறை. அதற்குப் பக்கத்தில் தனியாக ஃபெடரல் கோர்ட்டுகள்: கீழே 94 மாவட்டக் கோர்ட்டுகள், நடுவில் 13 அப்பீல் கோர்ட்டுகள், உச்சியில் ஒன்பது பேர் கொண்ட சுப்ரீம் கோர்ட்.

உங்கள் தங்கச்சிக்கு வந்த பிரச்சினை இதனால்தான். ஃபோர்ட் மில்லில் அதே விபத்து நடந்திருந்தால், 10 சதவீதம் அவள் தப்பு என்றால் 10ஐக் கழித்து 90ஐக் கொடுப்பார்கள். தப்பு பாதியைத் தாண்டினால்தான் பூஜ்யம். அந்த மாநில சுப்ரீம் கோர்ட் 1991இல் தானாகவே பழைய விதியைத் தூக்கிப் போட்டு இதைக் கொண்டுவந்தது. சில மைல் வடக்கே சார்லட்டில் பழைய விதி அப்படியே இருக்கிறது. வடக்கு கரோலினா, வர்ஜீனியா, மேரிலாண்ட், அலபாமா என்று நாலு மாநிலங்களிலும், சில விலக்குகளோடு வாஷிங்டன் டி.சி.யிலும் மட்டும்தான் இது மிச்சம். மேரிலாண்டில் மாற்றச் சொல்லிக் கேட்டபோது 2013இல் கோர்ட், அதைச் சட்டசபை பார்த்துக்கொள்ளட்டும் என்று கைகழுவிவிட்டது.

இந்த விதி வந்த கதை: 1809, இங்கிலாந்து. டெர்பி ஊரில் ஒருவன் வீட்டு வேலைக்காக ரோட்டின் குறுக்கே கழி வைத்திருக்கிறான். இன்னொருவன் கடையில் குடித்துவிட்டுக் கிளம்பி, பொழுது சாயும் நேரத்தில் குதிரையை விரட்டிக்கொண்டு வந்து அதில் மோதி விழுந்தான். நீ கவனமாக வந்திருந்தால் கழி தெரிந்திருக்கும், போ என்று கோர்ட் அனுப்பிவிட்டது. இங்கிலாந்தே இதை 1945இல் சட்டம் போட்டு விட்டுவிட்டது. எங்கள் கரோலினாக்காரர்கள் மட்டும் அந்தக் குதிரைக்காரனை இன்னும் விடவில்லை.

அடுத்து ஃபெடரல் கோர்ட். போகலாம், வழி இருக்கிறது. தங்கச்சி இந்தியக் குடிமகள், எதிராளி அமெரிக்கன், கேட்கும் தொகை 75,000 டாலருக்கு மேல் என்றால் சார்லட்டில் இருக்கும் ஃபெடரல் மாவட்டக் கோர்ட்டில் போடலாம். ஆனால் அங்கேயும் மாநிலச் சட்டத்தைத்தான் பார்ப்பார்கள். 1938இல் ஈரி ரயில்வே வழக்கில் முடிவான விஷயம் இது. பென்சில்வேனியாவில் ரயில் பாதை ஓரமாக ராத்திரி நடந்துபோன தாம்ப்கின்ஸ் என்பவரை, ஓடும் ரயிலிலிருந்து நீட்டிக்கொண்டிருந்த ஏதோ ஒன்று அடித்து ஒரு கை போய்விட்டது. அவர் சொந்த மாநிலச் சட்டம் பாதை ஓரம் நடப்பவனை அத்துமீறி நுழைந்தவன் என்று பார்க்கும். அதனால் அவருடைய வக்கீல் கெட்டிக்காரத்தனமாக நியூயார்க் ஃபெடரல் கோர்ட்டில் போட்டார். ஜூரி, அதாவது தீர்ப்புச் சொல்ல உட்காரும் பொதுஜனங்கள், 30,000 டாலர் கொடுத்தது. சுப்ரீம் கோர்ட் அதைத் தள்ளிவிட்டு, ஃபெடரல் கோர்ட்டுக்கென்று தனியாகப் பொதுச் சட்டம் கிடையாது, மாநிலச் சட்டப்படிதான் முடிவு செய்ய வேண்டும் என்றது. அந்த மனுஷனுக்குக் கையும் போச்சு, பணமும் போச்சு. சட்ட மாணவர்கள் இன்றைக்கும் முதல் வருஷத்திலேயே இதைப் படிக்கிறார்கள்.

இவ்வளவையும் படித்துவிட்டுக் கேஸ் முடிந்தது என்று நினைக்காதீர்கள் அண்ணா. லெட்டர் எழுதியது எதிர்த்தரப்பு. அது தீர்ப்பு இல்லை. இவளுக்கும் பங்கு உண்டு என்று நிரூபிக்க வேண்டிய பாரம் இங்கே சட்டப்படி அவர்கள் தலையில்தான். மூன்று மைல் கூடப் போனாள் என்று காட்டினால் போதாது, அந்த மூன்று மைல்தான் மோதலுக்குக் காரணம் என்று காட்ட வேண்டும். 45இல் போயிருந்தாலும் அவன் குறுக்கே திரும்பியிருந்தால் இடித்துத்தானே இருக்கும்? இன்னொன்று, அவன் குடித்திருந்தான் என்பது போல மோசமான அலட்சியம் தெரிந்தால் இந்தத் தற்காப்பே அவனுக்குக் கிடைக்காது. கடைசி நொடியில் தவிர்க்கும் வாய்ப்பு அவனுக்கு இருந்தும் தவிர்க்கவில்லை என்று காட்ட முடிந்தாலும் அப்படியே.

காரைப் பொறுத்தவரை, தங்கச்சியின் சொந்தப் பாலிசியில் கொலிஷன் கவரேஜ் (மோதலில் சொந்தக் காருக்கு வரும் சேதத்துக்கான காப்பீடு) இருக்கிறதா என்று உடனே பார்க்கச் சொல்லுங்கள். இருந்தால் யார் தப்பு என்ற கேள்வியே இல்லாமல் அந்தக் கம்பெனி கொடுக்கும். அவன் கம்பெனியோடு இனி அவள் நேரடியாக ஒரு வார்த்தை பேச வேண்டாம்.

சித்தூர்_குமாஸ்தா எழுதியது:

அம்மிணி, நல்லா வெளக்கமா எழுதியிருக்கீங்க. பாலக்காட்டுப் பக்கத்துச் சித்தூர் கோர்ட்டுகளில் வக்கீல் குமாஸ்தாவாக இருந்து ஓய்ந்தவன் நான். ஓலவக்கோட்டில் ரயில் ஏறுவது போல எங்கள் கட்சிக்காரர்கள் மோட்டார் கேஸுக்கு டெல்லி சுப்ரீம் கோர்ட் வரைக்கும் போய்விடுவார்கள். சரளா வர்மா தீர்ப்பு 2009இல் வந்த பிறகு மல்டிப்ளையர் அட்டவணையை எல்லோரும் மனப்பாடமாகச் சொல்லுவோம்: வயது, சம்பளம், பெருக்கு, முடிந்தது. அங்கே அப்படிக் கணக்கு உண்டா? கீழ்க் கோர்ட் தப்பாகச் சொன்னால் வாஷிங்டன் சுப்ரீம் கோர்ட்டுக்குப் போகலாமா? கொப்பரைக்களத்தின் அப்பா கேட்டதையும் விட்டுவிட்டீர்கள்.

அப்புறம் இது கேஸுக்குச் சம்பந்தம் இல்லாதது, ஆசைக்குக் கேட்கிறேன். மாநிலத்துக்கு மாநிலம் சட்டமே வேறு என்றால் ஆற்றுத் தண்ணீர்ச் சண்டையை யார் தீர்ப்பார்கள்? பரம்பிக்குளம்-ஆழியாறு ஒப்பந்தப்படி தமிழ்நாடு நமக்கு விட வேண்டிய தண்ணீர் மணக்கடவில் 7.25 டி.எம்.சி. வந்ததா இல்லையா என்று வருஷா வருஷம் பார்த்துக்கொண்டே வயசாகிவிட்டது.

வேலந்தாவளத்துக்காரி எழுதியது:

ஐயா, அப்பாவின் கேள்வியிலிருந்து தொடங்குகிறேன். போலீஸ் டிக்கெட் அரசாங்கத்துக்கும் அவனுக்கும் நடுவில். அபராதம் அரசாங்கத்துக்குப் போகும், தங்கச்சிக்கு அதில் சல்லிக்காசு கிடையாது. நஷ்டஈடு என்பது அவளே வாதியாகப் போடும் சிவில் கேஸ். இரண்டும் தனித்தனி வண்டி. குற்ற வழக்கில் நியாயமான சந்தேகத்துக்கு இடமில்லாமல் நிரூபிக்க வேண்டும், சிவிலில் தராசு ஒரு பக்கம் கொஞ்சம் சாய்ந்தால் போதும். அதனால்தான் ஃபுட்பால் வீரராக இருந்த ஓ.ஜே. சிம்ப்சன் கொலை வழக்கில் 1995இல் விடுதலையானார், 1997இல் அதே சாவுகளுக்காகச் சிவில் கோர்ட்டில் 33.5 மில்லியன் டாலர் கட்டச் சொன்னார்கள்.

கணக்கு? அட்டவணை எதுவும் கிடையாது. ஜூரிதான். நம் நாட்டில் 1959இல் கடற்படை அதிகாரி நானாவதியின் கொலைக் கேஸில் ஜூரி 8க்கு 1 என்று குற்றமில்லை சொன்ன பிறகு ஜூரியின் பேரே கெட்டுப் போய், கொஞ்சம் கொஞ்சமாக ஒழிந்துபோனது. இங்கே வண்டி இடித்த கேஸுக்கும் 12 பேர் உட்காருவார்கள். வடக்கு கரோலினாவில் சிவில் கேஸிலும் 12 பேரும் ஒரே முடிவுக்கு வர வேண்டும். அவர்கள் கையில் கொடுக்கும் தாளில் வரிசையாகக் கேள்விகள். பிரதிவாதியின் அலட்சியத்தால் வாதிக்கு அடிபட்டதா? வாதியின் அலட்சியமும் அதற்குக் காரணமா? எவ்வளவு தொகை? இரண்டாவது கேள்விக்கு ஆமாம் என்று எழுதிவிட்டால் மூன்றாவதுக்குப் போகவே வேண்டாம். நான் முதல் தடவை அந்தத் தாளைப் பார்த்தபோது பாலக்காட்டு டிரிப்யூனலில் சதவீதம் பிரித்து எழுதும் நீதிபதிகள் மேல் ரொம்ப மரியாதை வந்தது. ஆனால் ஜூரியில் உட்காருபவர்களும் வண்டி ஓட்டுகிறவர்கள்தான். மூன்று மைலுக்காக உடைந்த கைக்கு ஒன்றும் இல்லை என்று எழுத அவர்களுக்கு எளிதில் மனசு வராது. இது இன்சூரன்ஸ்காரர்களுக்கும் தெரியும். அதனால்தான் முக்கால்வாசி கேஸ் ஜூரி வரைக்கும் போவதற்குள் பேசி முடிந்துவிடுகிறது.

அப்பீல்: மாநில அப்பீல் கோர்ட், அதற்கு மேலே தலைநகர் ராலேயில் மாநில சுப்ரீம் கோர்ட், ஏழு நீதிபதிகள். மாநிலச் சட்டத்தைப் பற்றி அவர்கள் சொன்னால் அதுதான் கடைசி. வாஷிங்டன் அதைத் தொடாது. அங்கே போக வேண்டுமென்றால் அமெரிக்க அரசியல் சட்டமோ ஃபெடரல் சட்டமோ சம்பந்தப்பட்ட கேள்வி இருக்க வேண்டும். இருந்தாலும் ஒன்பது பேரில் நாலு பேராவது கேட்கலாம் என்று சொன்னால்தான் உள்ளேயே எடுப்பார்கள். வருஷத்துக்கு ஆயிரக்கணக்கில் மனு வரும், விசாரணைக்கு எடுப்பது நூறுகூட இல்லை. எந்தக் கோர்ட் தீர்ப்பின் மேலும் அப்பீலை நம் சுப்ரீம் கோர்ட் எடுக்கலாம் என்கிற நம் அரசியல் சட்ட 136ஆம் ஷரத்தின் அகலம் அங்கே கிடையாது. இன்னொரு விஷயம் கேட்டால் சிரிப்பீர்கள்: ஃபெடரல் நீதிபதிகளை ஜனாதிபதி நியமித்து செனட் ஒப்புக்கொண்டால் ஆயுள் வரைக்கும் பதவி. வடக்கு கரோலினா நீதிபதிகளோ தேர்தலில் நின்று ஓட்டு வாங்குகிறவர்கள். ரோட்டோரம் நீதிபதியின் பேர் போட்ட தேர்தல் போர்டு நட்டிருப்பார்கள்.

தண்ணீர்ச் சண்டைக்கு உங்களுக்கு நல்ல கேஸ் ஒன்று வைத்திருக்கிறேன். கொப்பரைக்களம் அண்ணாவின் தங்கச்சி ஊருக்குப் பக்கத்தில் ஓடும் கடாபா ஆறுதான். வடக்கில் உற்பத்தியாகித் தெற்கே வருகிறது. மேலே இருப்பவர்கள் தண்ணீரை வேறு பக்கம் திருப்புகிறார்கள் என்று 2007இல் தெற்கு கரோலினா நேராக அமெரிக்க சுப்ரீம் கோர்ட்டுக்குப் போனது. மாநிலமும் மாநிலமும் மோதினால் கீழ்க் கோர்ட் கிடையாது, முதல் படியே அதுதான். ஆதாரங்களைக் கேட்க ஸ்பெஷல் மாஸ்டர் என்று ஒருவரைப் போடுவார்கள். இதில் சார்லட் நகராட்சியும் எங்களையும் சேர்த்துக்கொள்ளுங்கள் என்று வந்தது. உங்கள் மாநிலமே உங்களுக்காகப் பேசுகிறதே என்று 2010 ஜனவரியில் மறுத்துவிட்டார்கள். மின்சாரக் கம்பெனியை மட்டும் சேர்த்துக்கொண்டார்கள், இரண்டு மாநிலத்துக்கும் பொதுவான ஒரு குடிநீர்த் திட்டத்தையும்தான். அந்த வருஷ முடிவுக்குள் இரண்டு மாநிலமும் சமாதானமாகிவிட்டன. நம் ஊரில் நதிநீருக்கு அரசியல் சட்ட 262ஆம் ஷரத்தும் 1956 நதிநீர்த் தகராறுச் சட்டமும் டிரிப்யூனல் பக்கம் தள்ளிவிடும். முல்லைப் பெரியாறு மட்டும் அணையின் பலம், 1886 குத்தகை என்று, மாநிலங்களின் சண்டையை நேராக சுப்ரீம் கோர்ட்டுக்குக் கொண்டுபோகும் 131ஆம் ஷரத்தில் நுழைந்து 2014இல் 142 அடி என்று தீர்ப்பு வாங்கியது. மணக்கடவுக் கணக்கு எனக்கும் வயிற்றெரிச்சல்தான் ஐயா, எங்கள் தென்னையும் அந்தத் தண்ணியை நம்பித்தான் இருக்கிறது.

கொப்பரைக்களம் எழுதியது:

ரொம்ப நன்றிம்மா. ராத்திரி போனில் தங்கச்சிக்கு எல்லாவற்றையும் படித்துக் காட்டினேன். பிக்கப்காரன் காஸ்டோனியா ஊராம், அதுவும் வடக்குதான். அவள் பாலிசியில் கொலிஷன் இருக்கிறது, இன்று க்ளெய்ம் போட்டுவிட்டாள். இரண்டு சந்தேகம் மட்டும். வக்கீல் ஃபீஸ் எப்படி? எத்தனை நாளைக்குள் கேஸ் போட வேண்டும்?

வேலந்தாவளத்துக்காரி எழுதியது:

காயத்துக்கான கேஸுக்கு வடக்கு கரோலினாவில் மூன்று வருஷம். ஆனால் அவ்வளவு நாள் உட்கார வேண்டாம். அந்த முக்கில் பெட்ரோல் பங்கோ கடையோ இருந்தால் அவர்களுடைய கேமரா பதிவு அழிந்துபோவதற்குள் வக்கீல் லெட்டர் அனுப்ப வேண்டும். இந்த மாதிரி கேஸில் அதுதான் உயிர்.

ஃபீஸ் முன்பணம் இல்லை. ஜெயித்தால் வரும் தொகையில் மூன்றில் ஒரு பங்கு என்பது சாதாரணமாக நடப்பது, தோற்றால் ஃபீஸ் இல்லை. நம் பார் கவுன்சில் விதிப்படி இப்படிப் பங்கு பேசக் கூடாது, இங்கே அது எழுத்தில் கையெழுத்துப் போட்டு நடக்கும் ஒப்பந்தம். மருத்துவ ரிப்போர்ட் வாங்கும் செலவு, கோர்ட் கட்டணம் எல்லாம் அந்தப் பங்குக்குள் வருமா, தனியா, தோற்றால் அதை யார் கட்டுவது என்று கையெழுத்துப் போடும் முன்பே கேட்டு எழுதி வாங்கச் சொல்லுங்கள். முதல் தடவை பேசுவதற்குப் பெரும்பாலும் காசு வாங்க மாட்டார்கள், அதனால் இரண்டு மூன்று பேரைப் பார்க்கலாம். வடக்கு கரோலினாவில் உரிமம் உள்ளவராக இருக்க வேண்டும். ஃபோர்ட் மில்லில் வீட்டுப் பக்கத்தில் இருக்கிறார் என்பதற்காகத் தெற்கு கரோலினா வக்கீலிடம் போய் நிற்க வேண்டாம்.